போர் ஓய்ந்தபின் அமைதிப் பணியும் பெண்டிரும்

(மூன்றாமாண்டு வரலாற்று மாணவி, பொழிச்சலூர்)

போர் எப்போது முடிகிறது? துப்பாக்கி ஓசை அடங்கிய நாளைக் குறித்துக்கொண்டு, அன்றே முடிந்தது என்று வரலாற்று நூல்கள் எழுதிவிடுகின்றன. தேர்வுத் தாளில் நாமும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். ஆனால், வீடு இழந்தவர் வீடு சேர்ந்து, வயல் மீண்டும் விளைந்து, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்று, பிரிந்துபோனவர் என்ன ஆனார் என்று அவர் மனைவிக்குத் தெரிகின்ற நாளே போரின் உண்மையான முடிவு நாள் என்பேன். அந்த நாளை விரைவில் கொண்டுவரும் முயற்சிக்கு அமைதிக் கட்டுமானம் என்று பெயர். அப்பணியில் பெண்ணின் நிலையையும் பெண்ணின் கருத்தையும் கணக்கில் கொள்ளாவிட்டால் கட்டடம் ஏன் நிற்காது என்பதை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

நம் பழந்தமிழ் இலக்கியம் இதற்கு இரண்டு காட்சிகளைத் தருகிறது. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டனர், பாரி மாண்டான். அதன்பின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றார். மணந்து காக்குமாறு வேண்டினார். இருவரும் மறுத்தனர். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது ஒரு நாளில் முடிவாகிவிட்டது. தந்தையையும் மலையையும் இழந்த இரு பெண்கள் எங்கே போவது என்பதோ முடிவாகவில்லை. இது ஒரு காட்சி. மற்றொன்று, அதியமானுக்காக அவ்வையார் தொண்டைமானிடம் தூது சென்றது. இரு வேந்தர்க்கிடையே மூளவிருந்த போரைத் தடுக்க ஒரு பெண்பாற் புலவர் அவை ஏறினார். தொண்டை நாட்டு மண்ணில் வாழும் நாம் நினைந்து பெருமை கொள்ளத்தக்க செய்தி இது.

பாரி மகளிர் போரின் சுமையைத் தாங்கியவர்கள்; அவ்வையார் அமைதியின் தூதர். இந்த இரண்டு நிலைகளையும் இணைப்பதே நம் பொருள். சுமை தாங்கியவளுக்கே அவையில் இடம் வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

பால்நிலை நோக்கு என்பது என்ன?

பால்நிலை நோக்கு என்றவுடன், பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கும் விழா என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். அது மிகச் சுருங்கிய பொருள். ஒரு சட்டம், ஒரு நிவாரணத் திட்டம், ஒரு விசாரணைக் குழு ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும், இது ஆணை எவ்வாறு தொடுகிறது, பெண்ணை எவ்வாறு தொடுகிறது என்று தனித்தனியே கேட்டுப் பார்ப்பதே பால்நிலை நோக்கு. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? பணம் யார் கையில் சேர்கிறது? வாக்குமூலம் கொடுக்க வந்தவளிடம் கேள்வி கேட்பவர் யார்? முடிவு செய்த அறையில் எத்தனை பெண்கள் இருந்தனர்? இவை எளிய வினாக்களே. ஆயினும் இவற்றைக் கேட்காமல் விட்டதனால் விளைந்த கேடுகள் பல.

ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை 2000 அக்டோபர் 31 ஆம் நாள் நமீபியாவின் தலைமையில் கூடி, 1325 ஆம் எண் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அமைதிப் பேச்சிலும் முடிவெடுக்கும் இடங்களிலும் பெண்கள் பங்கேற்றல், போர்க்காலத்தில் பெண்களைப் பாதுகாத்தல், வன்முறையை வருமுன் தடுத்தல், நிவாரணத்திலும் புனரமைப்பிலும் பெண்களின் தேவையைக் கருதுதல் என நான்கு தூண்களின்மேல் அத்தீர்மானம் நிற்பதாக அறிஞர் கூறுவர். தீர்மானம் வந்துவிட்டது, நடைமுறை எவ்வாறு இருந்தது? 1992 முதல் 2011 வரை நடந்த 31 பெரிய அமைதி முயற்சிகளை ஐக்கிய நாடுகளின் மகளிர் அமைப்பு கணக்கெடுத்தது. தலைமை நடுவர்களில் பெண்கள் 2 விழுக்காடு. கையொப்பமிட்டவர்களில் 4 விழுக்காடு. பேச்சாளர்களில் 9 விழுக்காடு. இந்த எண்களுக்கு விளக்கவுரை தேவையில்லை.

மேசைக்கு அருகே போட்ட மேசை

நமக்கு மிக அண்மையில், பாக் நீரிணைக்கு அப்பால், நம் மொழி பேசும் மக்கள் நடுவில் நிகழ்ந்ததையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் 2002 பிப்ரவரி 22 ஆம் நாள் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நோர்வே நாடு இடைநின்றது. தாய்லாந்திலும் ஒஸ்லோவிலும் பேச்சு நடந்தது. இரு தரப்பிலும் தலைமைப் பேச்சாளர்கள் ஆடவர், அரசுக்கு ஜி. எல். பீரிஸ், புலிகளுக்கு அன்ரன் பாலசிங்கம்.

அப்போது பெண்கள் அமைப்புகள் எழுப்பிய குரலின் விளைவாகப் பால்நிலை விவகாரங்களுக்கான துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. தரப்புக்கு ஐவராகப் பதின்மர். அரசுத் தரப்புக்குப் பேராசிரியர் குமாரி ஜயவர்த்தன தலைமை. புலிகள் தரப்புக்கு மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளர் தமிழினி. நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹெய்பர்க் நடுவராக உதவினார். 2003 மார்ச் மாதம் கிளிநொச்சியில் அவர்கள் கூடினர். சிங்களவர், தமிழர், முசுலிம்கள் ஆகிய பெண்கள் ஒரே அறையில் அமர்ந்து, மீள்குடியேற்றம், பாதுகாப்பு, பிழைப்பு, அரசியல் பங்கு, நல்லிணக்கம் என்று எவற்றைப் பேசவேண்டும் எனப் பட்டியலிட்டனர். பகைத் தரப்புகளைச் சேர்ந்த பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஒன்று அமைதிப் பேச்சின் முறையான உறுப்பாக அமைந்தது உலகிலேயே அரிதான நிகழ்ச்சி.

ஆனால் அதன் குறையையும் நாம் காணவேண்டும். அது பேச்சு மேசைக்கு அருகே போட்ட வேறொரு மேசை. பெரிய மேசையில் முடிவு. சிறிய மேசையில் பரிந்துரை. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகியதும் பெரிய மேசை கவிழ்ந்தது. அதனுடன் கட்டப்பட்டிருந்த சிறிய மேசையும் கவிழ்ந்தது. பெண்கள் சண்டையிட்டுப் பிரியவில்லை. ஆயினும் அவர்கள் பேச்சும் நின்றது. பெண்களுக்கெனத் தனி அறை ஒதுக்குவது தொடக்கமாகலாம், அதுவே முடிவாகிவிடக் கூடாது என்பது இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம்.

செத்தவரா, இருப்பவரா?

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றது. மறு ஆண்டு, வடக்கிலும் கிழக்கிலுமாகப் போரில் கணவரை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர் என்று இலங்கையின் துணையமைச்சர் ஒருவரே தெரிவித்தார். ஆனால் இந்த எண்ணுக்குள் அடங்காத ஒரு கூட்டம் உண்டு. அதை நான் நூலகத்தில் அறியவில்லை. எங்கள் தெருவில் அறிந்தேன்.

பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, வன்னியிலிருந்து வந்த அம்மையார் ஒருவர் இரவிக்கை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். நெற்றியில் குங்குமம் இருக்கும். அவருடைய கணவர் போரின் கடைசி நாட்களில் காணாமற்போனவர். இக்கட்டுரை எழுத எண்ணியபோது, "அக்கா, உங்களிடம் சில கேள்விகள் கேட்கலாமா?" என்று தயங்கிக் கேட்டேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "கேளன் பிள்ளை. செத்தவையைப் பற்றிக் கேக்கினம், இருக்கிறவையைப் பற்றிக் கேக்கினம். இடையில நிக்கிற எங்களைப் பற்றி ஆர் கேட்டவை?"

கணவன் இறந்துபட்ட பெண்ணின் நிலைக்குத் 'தாபதநிலை' என்று நம் இலக்கணத்தார் ஒரு துறையே வகுத்தனர். கணவன் இருக்கிறானா இல்லையா என்று அறியாதவளுக்கு இலக்கணத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை. இலங்கையில் 2010 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தற்காலிகச் சட்டம், போரினால் ஓராண்டுக்குமேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதிவு செய்ய வழி கொடுத்தது. மரணச் சான்றிதழ் பெற்றால் உதவித்தொகை கிடைக்கும், வங்கிக் கணக்கைத் திறக்கலாம், காணியை மாற்றலாம். பெறாவிட்டால் எதுவுமில்லை. ஆனால் அந்தத் தாளில் கையொப்பமிடுவது கணவரைத் தன் கையாலேயே கொல்வதற்கு ஒப்பு என்று எண்ணிய பெண்கள் பலர். "நான் கையெழுத்து வைச்சா, அதுக்குப் பிறகு அவரைத் தேட எனக்கு உரிமை இருக்குமோ?" என்று எங்கள் அக்கா கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

விடை ஒருவாறு 2016 இல் வந்தது. அச்சட்டம் திருத்தப்பட்டு, இவர் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே குடும்பக் காரியங்களை நடத்த அது இடம் தந்தது. சிறு தாள்தான், ஆனால் பால்நிலை நோக்கு என்பது சட்டத்தில் எவ்வாறு இறங்கவேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. கவனிக்கவேண்டியது, போர் முடிந்து அந்தத் தாள் பிறக்க ஏழாண்டுகள் ஆயின.

நம் நாட்டிலும் இந்நிலை உண்டு. காசுமீரத்தில் காணாமற்போனவர்களின் மனைவியரை மக்கள் 'பாதி விதவைகள்' என்றே அழைத்தனர். ஏழாண்டுகள் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்பது 2024 வரை நடப்பில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் விதி. 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்று திரும்பாத குமரி மாவட்ட மீனவர்களின் குடும்பங்களுக்கு அந்த ஏழாண்டுக் காத்திருப்பு கொடுமை என உணர்ந்தே, அதற்குமுன் நிவாரணம் வழங்கப்பட்டது. மனம் இருந்தால் விதிக்கு வழி உண்டு என்பது இதனால் புலனாகும்.

காணியும் கடனும்

அடுத்தது நிலம். இலங்கையில் அரசு காணிகளை மக்களுக்கு வழங்கிய காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 ஆம் ஆண்டினது. உரிமையாளர் வாரிசை நியமிக்காமல் இறந்தால், மக்களுள் மூத்த ஆண்மகனுக்கே முதலிடம் என்று அதன் அட்டவணை கூறியது. வன்னியின் குடியேற்றத் திட்டங்கள் பல இச்சட்டத்தின் கீழ் அமைந்தவை. 2022 இல்தான் இந்த ஆண் முன்னுரிமை நீக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தாரின் தேசவழமையிலோ பெண்ணுக்குச் சீதனக் காணி உண்டு; ஆனால் மணமான பெண் தன் நிலத்தை விற்கக் கணவனின் ஒப்புதல் வேண்டும். கணவனையே காணோம் என்றால் ஒப்புதலுக்கு எங்கே போவது? அதற்கு நீதிமன்றப் படி ஏறவேண்டும். ஏறுவதற்குப் பணம் வேண்டும். பணத்துக்காகத்தான் காணியையே விற்க வந்தாள்!

மட்டக்களப்பு, அம்பாறை கரையோரங்களில் வேறொரு வழக்கம். அங்கே வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டிக்கொடுத்த வீடுகளின் பத்திரங்கள் பலவிடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் கணவருக்குச் சென்றன. பெண்ணின் பெயரில் இருந்த வீட்டைக் கடல் கொண்டது. ஆணின் பெயரில் புதிய வீட்டை நிவாரணம் தந்தது. யாரும் தீமை செய்ய எண்ணவில்லை. படிவத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் 'குடும்பத் தலைவர்' என்று அச்சிட்டிருந்தது, அவ்வளவே. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

எங்கள் ஊர்மீது விமானங்கள் தாழப் பறப்பது எல்லோரும் அறிந்தது. 2019 நவம்பர் 11 ஆம் நாள் சென்னையிலிருந்து பலாலிக்கு வணிக விமானச் சேவை தொடங்கியபோது எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் வெளியேற்றப்பட்டவர்கள். அவர்களுள் பலர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் முகாம்களிலேயே கிடந்தனர். காணியை விட்டுப் புறப்பட்டபோது கைக்குழந்தையாக இருந்தவள் தன் குழந்தையுடன் திரும்பினாள். முல்லைத்தீவு மாவட்டத்தில், கேப்பாப்புலவை அடுத்த பிலக்குடியிருப்பில், 2017 சனவரி இறுதியில் பெண்களும் சிறுவர்களும் விமானப்படை முகாமின் வாயிலில் அமர்ந்தனர். இரவும் பகலும் ஒரு மாதம் அங்கேயே சமைத்து உண்டு கிடந்து, மார்ச்சு முதல் நாளில் தங்கள் காணியை மீட்டனர். பேச்சு மேசையில் இடம் கிடைக்காதவர்கள் தெருவையே மேசையாக்கிக் கொண்டனர்.

காணி கிடைத்தாலும் பிழைப்பு வேண்டுமே! போர் முடிந்ததும் வடக்கில் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் பொறுப்பு என்ற முறையில் கடன் தந்தன. வாரந்தோறும் வசூல். வருமானத்துக்கு வழியில்லாத இடத்தில் கடனைக் கொட்டினால், ஒரு கடனை அடைக்க மறு கடன் என்றுதான் ஆகும். நிலைமை முற்றி, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களுக்கு 2018 இல் இலங்கை அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. பெண்களுக்கென ஒரு திட்டம் என்பதாலேயே அது பெண்களுக்கு நன்மை என்று கொள்ளலாகாது.

ஆயுதம் ஏந்திய பெண்கள்

பெண் என்றால் அமைதி, ஆண் என்றால் போர் என்று பிரித்துவிடுவது எளிது, உண்மை அவ்வாறில்லை. புலிகள் இயக்கத்தில் பெண்கள் படையணிகளாகவே போரிட்டனர். போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். படை நடத்தியவளுக்கும் வண்டி ஓட்டியவளுக்கும் அங்கே கற்பிக்கப்பட்டவற்றுள் தையலும் அழகுக்கலையும் முதன்மையானவை. ஊருக்குத் திரும்பியபோதோ, முகாமில் இருந்தவள் என்று மணம் பேச மறுத்தவர் உண்டு. திரும்பிவந்த ஆணை வீரன் என்று பார்த்த அதே ஊர், பெண்ணை ஐயத்துடன் பார்த்தது. 2003 இல் துணைக்குழுவில் அமர்ந்த தமிழினி புனர்வாழ்வு முடிந்து 2013 இல் வெளிவந்து, 2015 இல் நோயால் மறைந்தார். அவர் எழுதிய 'ஒரு கூர்வாளின் நிழலில்' மறுஆண்டு வெளியாயிற்று. போராளிப் பெண்ணின் வாழ்வை அறிய விரும்பும் மாணவர் படிக்கவேண்டிய நூல் அது.

சியரா லியோனில் நடந்ததும் இதனையொத்ததே. அங்கே 2002 இல் போர் முடிவுற்றது. ஆயுதக் களைவின்போது, துப்பாக்கியை ஒப்படைப்பவருக்கே உதவி என்பது விதி. படைகளுடன் சமையற்காரியாக, சுமை தூக்குபவளாக, கடத்திச் செல்லப்பட்ட 'மனைவி'யாக இருந்த பெண்களின் கையில் துப்பாக்கி இல்லை; ஆகவே உதவியும் இல்லை. விதி எழுதியவர் பெண்ணை ஒதுக்க வேண்டுமென்று எண்ணியிருக்கமாட்டார். எண்ணிப் பார்க்கவே இல்லை என்பதுதான் குற்றம்.

கேட்பதற்கு ஆள் வேண்டும்

இலங்கை அரசு 2010 இல் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் உறுப்பினர் எண்மர்; பெண் ஒருவர். வாக்குமூலம் கொடுக்க வரிசையில் நின்றவருள் பெரும்பாலோர் தாய்மாரும் மனைவியரும். மானக்கேடான ஒன்றைப் பலர் முன்னிலையில், ஆடவர் கேட்க, மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொல்ல, ஒரு பெண் எவ்வாறு உரைப்பாள்? மாறாக, 2016 இல் மனோரி முத்தெட்டுவெகம தலைமையில் பதினொருவர் கொண்ட கலந்தாய்வுச் செயலணி அமைக்கப்பட்டபோது, மாவட்டந்தோறும் மக்களைத் தேடிச் சென்று, 7,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகளைப் பெற முடிந்தது. அதன் அறிக்கை 2017 சனவரியில் ஒப்படைக்கப்பட்டது. பரிந்துரைகளுள் பல ஏட்டளவிலேயே நின்றன என்பது வருந்தத்தக்கது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் சட்டமாகி, 2018 இல் அதன் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர்.

தாய்மார் கேட்கத் தொடங்கியதோ அதற்கு வெகு முன்னரே. 1984 இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கூட்டமாகக் கைது செய்யப்பட்டபோது அன்னையர் முன்னணி தோன்றிற்று; தாய்மார் கச்சேரியை நோக்கி நடந்தனர். 1990 இல் தென்னிலங்கையிலும் ஓர் அன்னையர் முன்னணி எழுந்தது. அங்கே சிங்கள இளைஞர்கள் காணாமற்போயிருந்தனர். 1992 இல் அத்தாய்மார் கொழும்பு முகத்துவாரத்துக் காளி கோயிலில் தேங்காய் உடைத்து முறையிட்டனர். சிங்களத் தாய் தமிழரின் காளியிடம் நீதி கேட்ட அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கிறேன். இரு முன்னணிகளும் ஒரே கேள்வியையே கேட்டன. ஆனால் ஒன்றாய் நின்று கேட்கும் வாய்ப்பை அரசியல் அவர்களுக்குத் தரவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னும் வவுனியாவிலும் தாய்மார் மீண்டும் அமர்ந்தனர். பிள்ளையின் படத்தை மடியில் வைத்து ஆண்டுக்கணக்காக அமர்ந்த அவர்களுள் பலர் விடை காணாமலே கண் மூடினர்.

இவ்விடத்தில் இராஜினி திராணகமவை நினையாமல் இருக்க இயலாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த அவர், 'முறிந்த பனை' நூலாசிரியருள் ஒருவர். எல்லாத் தரப்பாரின் வன்முறையையும் எழுதினார். துணையற்ற பெண்களுக்கெனப் 'பூரணி' இல்லம் அமைய உழைத்தார். 1989 செப்டம்பர் 21 ஆம் நாள் மிதிவண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கல்லூரியில் கற்பிப்பவரும் கற்பவரும் அமைதிப் பணியில் என்ன செய்ய இயலும் என்ற வினாவுக்கு அவர் வாழ்வே விடை.

பிற நாட்டார் காட்டிய வழி

வட அயர்லாந்தில் 1996 தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டினருமான பெண்கள் சேர்ந்து மகளிர் கூட்டணி என்ற கட்சியைத் தொடங்கினர். இரண்டு இடங்களைப் பெற்றுப் பேச்சு மேசையிலேயே அமர்ந்தனர். 1998 ஏப்ரல் 10 ஆம் நாள் உருவான பெரிய வெள்ளி உடன்படிக்கையில், பாதிக்கப்பட்டோர் உரிமையும் இரு சமயப் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் கல்வியும் இடம்பெற அவர்களே காரணம் எனலாம். தனி மேசைக்கும் பெரிய மேசைக்கும் உள்ள வேறுபாடு இதில் விளங்கும்.

லைபீரியாவில் 2003 இல் கிறித்தவ, இசுலாமியப் பெண்கள் வெள்ளாடை உடுத்தி, அங்காடி அருகே வெயிலில் அமர்ந்து அமைதி கேட்டனர். பேச்சு நடந்த அக்ரா நகருக்கே சென்று மண்டபத்தின் வாயிலை மறித்து, உடன்பாடு காணாமல் எழக்கூடாது என்றனர். ஆகத்தில் உடன்படிக்கை ஆயிற்று. அவர்களை வழிநடத்திய லேமா குபோவி 2011 இல் நோபல் பரிசு பெற்றார். அந்நாட்டுக்கு 2007 இல் இந்தியா அனுப்பிய முழு மகளிர் காவல் பிரிவு, ஐக்கிய நாடுகளின் பணியில் அத்தகைய முதற்பிரிவு என்பது நமக்குப் பெருமை. நம் நாகாலாந்தில் 1984 இல் தோன்றிய நாகா அன்னையர் சங்கம், இனிக் குருதி சிந்தாதீர் என்ற முழக்கத்தை 1994 இல் எழுப்பி ஆயுதக் குழுக்களிடமே நேரிற் சென்று பேசியது.

சில மறுப்புகள்

இக்கருத்தை நண்பர்களிடம் பேசும்போது எழும் மறுப்புகளுள் இரண்டைக் குறிப்பிடுவேன். "இனமே துன்புறும்போது பெண் வேறு, ஆண் வேறு என்று பிரிப்பதா?" என்பது ஒன்று. பிரிப்பது நாமல்ல, துன்பமே பிரித்துத்தான் வருகிறது. காணாமற்போனவருள் மிகுதியானோர் ஆண்கள்; தேடி அலைபவருள் மிகுதியானோர் பெண்கள். நோய் வேறுபட்டால் மருந்தும் வேறுபடும்.

"பெண் ஆட்சிக்கு வந்தால் தானே சரியாகிவிடும்" என்பது மற்றொன்று. உலகின் முதற் பெண் பிரதமரை 1960 இலேயே தந்த நாடு இலங்கை; 1994 இல் பெண் குடியரசுத் தலைவரையும் பெற்றது. போர் நிற்கவில்லை. உச்சியில் ஒரு பெண் இருப்பது வேறு, ஊர்தோறும் பெண்கள் முடிவெடுப்பது வேறு. இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தனர். 25 விழுக்காட்டு ஒதுக்கீடு வந்தபின், 2018 பிப்ரவரித் தேர்தலில்தான் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தனர். தெருவிளக்கும் குடிநீரும் பேசுகிற அவையில் பழகியவளே நாளை உடன்படிக்கை பேசும் அவையிலும் அஞ்சாது பேசுவாள்.

நம் வாசலில்

இவையெல்லாம் கடலுக்கு அப்பால் என்று நாம் ஒதுங்க முடியாது. 1983 முதல் நம் மாநிலத்துக்கு ஏதிலிகள் வந்தனர். மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் முகாம்கள் அமைந்தன. 2021 இல் அவை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. அங்கும் மாத உதவித்தொகை, குடும்பத் தலைவருக்கு ஒரு தொகை, மற்றவர்க்கு அதனினும் குறைந்த தொகை என்றே வகுக்கப்பட்டது. 'தலைவர்' என்னும் அந்தச் சொல்லின்மேல் எத்துணைப் பாரம் ஏறியிருக்கிறது என்பதை மட்டக்களப்பு வீட்டுப் பத்திரத்தில் முன்பே கண்டோம். மாறாக, 2023 செப்டம்பர் 15 இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 'குடும்பத் தலைவி' என்ற சொல்லைப் படிவத்தில் ஏற்றியது. ஒரு சொல் மாறினால் பணம் சேரும் கை மாறும்.

நம் உள்ளாட்சிகளில் மகளிர்க்கு 50 விழுக்காட்டு இடங்களை 2016 இல் தமிழகம் சட்டமாக்கியது. ஆனால் கிராமசபைக் கூட்டங்களுக்குச் சென்று பாருங்கள். பெண் உறுப்பினருக்குப் பதிலாகக் கணவர் எழுந்து பேசும் காட்சியைப் பல ஊர்களில் காணலாம். இடம் கொடுப்பது சட்டத்தின் வேலை. குரல் கொடுப்பது நம் வேலை.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் தோழர் தோழியர்க்கு ஒரு வேண்டுகோள். மறுவாழ்வு முகாமோ, வெள்ள நிவாரணமோ, எங்கே பணி செய்ய நேர்ந்தாலும் நான்கு வினாக்களை ஏட்டில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். பட்டியலில் யார் பெயர் இருக்கிறது? யார் பெயர் விடுபட்டது? விடுபட்டவள் எங்கே சென்று முறையிடலாம்? அங்கே அவள் சொல்வதைக் கேட்க ஒரு பெண் இருக்கிறாளா? வரலாற்றுத் துறையினராகிய நாமோ உடன்படிக்கைகளின் தேதிகளை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், அவற்றின் அடியில் யார் கையொப்பம் இல்லை என்பதையும் படிக்கப் பழகுவோம். ஆசிரியப் பெருமக்கள் அதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

அமைதி என்பது வென்றவர் வழங்கும் பரிசன்று. எல்லோரும் சேர்ந்து கட்டும் வீடு. அதன் பத்திரத்தில் பெண்ணின் பெயரும் இருக்கட்டும்!